குமட்டல் தொப்பி

மின்கம்பியைக் கண்டால் எனக்குக் குமட்டும். பிறவிக் கோளாறு இல்லை. கம்பெனி செலவில், கையெழுத்து வாங்கிக்கொண்டு, என் தலைக்குள் வைத்துக் கொடுத்த குமட்டல் அது.

என் பெயர் பொற்கொடி. ஹெலிகாப்டர் ஓட்டுகிறேன். காற்றாலைகளிலிருந்து மின்சாரம் கொண்டுபோகும் உயரழுத்தக் கம்பிகளை ஒட்டி, கோபுர உயரத்துக்குத் தாழ்ந்து பறப்பது என் வேலை. பக்கத்து இருக்கையில் லைன் இன்ஜினியர் தாவூது உட்கார்ந்து, வெப்பம் காட்டும் கேமராவில் எந்த இணைப்பு சூடாகியிருக்கிறது, கம்பியைத் தாங்கும் எந்தப் பீங்கான் விரிசல் விட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வருவார். கயத்தாறு பக்கம் எங்கள் தளம். அங்கிருந்து தெற்கே மலைக் கணவாய் வரை போய்த் திரும்புவோம்.

இவ்வளவு பெரிய கம்பி கண்ணுக்குத் தெரியாதா என்று கேட்காத ஆள் இல்லை. தெரியாது. கீழே நின்று வானத்தைப் பார்க்கிறவனுக்குத் தெரியும். மேலே இருப்பவனுக்குக் கரிசல் மண்ணும் கம்பியும் ஒரே நிறம். அதனால் நாங்கள் கம்பியைத் தேடுவதில்லை, கோபுரத்தைத் தேடுவோம். இங்கே ஒன்று, அங்கே ஒன்று, அப்படியானால் நடுவில் கம்பி இருக்கிறது என்று மனதுக்குள் கோடு போட்டுக்கொள்வோம். இதிலும் ஒரு சனியன் உண்டு. தடித்த கம்பிகளுக்கும் மேலே, கோபுர உச்சியை ஒட்டி, இடியை வாங்கிக்கொள்வதற்காக ஒரு மெல்லிய எர்த் கம்பி போகும். தடித்த கம்பியைத் திடீரென்று பார்த்துப் பதறி மேலே ஏறுகிறவன் நேராக அந்த மெல்லியதில் போய் மாட்டுவான்.

கேப்டன் சகாயம் அப்படித்தான் போனார். எங்கள் எல்லாரையும்விட நன்றாக ஓட்டியவர். பருத்திக்காட்டில் பரவிக் கிடந்ததைச் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தார்கள். கம்பெனி அறிக்கையில் அதற்கு 'கம்பித் தொடுகை நிகழ்வு' என்று பெயர் வைத்திருந்தார்கள். தொடுகையாம். எழுதியவன் வாயில் மண்ணைப் போட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அந்தச் சாவுக்குப் பிறகுதான் தொப்பி வந்தது. சென்னையில் ஒரு ஆய்வகம் எங்களுக்கென்று செய்த ஹெல்மெட் அது. ஆய்வகத் தலைவர் ரகுநந்தன். மெலிந்த மனிதர், குரலை உயர்த்தாதவர், வருகிற எல்லாரையும் வாசல்வரை வந்து வழியனுப்புகிறவர். அளவு எடுக்கப் போயிருந்தபோது அவரே உட்கார்ந்து விளக்கினார்.

"கம்பி கிட்ட வந்தா மணி அடிக்கிற கருவி உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கே, அதை என்ன பண்றீங்க?"

"ஃபியூஸைப் பிடுங்கிடுவோம். நாங்க பறக்கிறதே கம்பி பக்கத்துலதான். நாள் முழுக்க அடிச்சுக்கிட்டே இருந்தா எவன் கேப்பான்?"

"அதேதான். காதுக்குச் சொன்னா பழகிப் போயிடுது, கண்ணுக்குச் சொன்னாலும் பழகிப் போயிடுது. அதனால உடம்புக்கே சொல்லிடலாம்னு பார்த்தோம். முதல்ல பயத்தை வச்சோம். வேலைக்கு ஆகலை. பயந்தவன் கை உறைஞ்சு போயிடுது கேப்டன். சோதனை அறையில பாதிப் பேர் கம்பியையே முறைச்சுப் பார்த்துக்கிட்டு நேரா அதுக்குள்ள போனாங்க."

"அப்புறம்?"

"அருவருப்பு. சோத்துல புழு நெளியுதுன்னு வைங்க. நீங்க யோசிப்பீங்களா? கை தன்னால பின்னாடி வந்துடும்ல?"

அவர் சொன்னது எனக்கு உடனே பிடிபட்டது. ஹெலிகாப்டரில் கம்பியிலிருந்து தப்பிப்பதற்கு வலது கையால் ஸ்டிக்கைப் பின்னால் இழுக்க வேண்டும், இடது கையால் லிவரை மேலே தூக்க வேண்டும். இரண்டுமே கையை இழுத்துக்கொள்கிற அசைவுதான். ஹெலிகாப்டரின் மூக்கில் உள்ள லேசர், பாதைக்குக் குறுக்கே வரும் கம்பியை, மெல்லியதாக இருந்தாலும், முன்னாலேயே கண்டுபிடிக்கும். தொப்பி அந்தக் கணமே மண்டைக்குள் அருவருப்பை எழுப்பும். அது கம்பி என்று மூளை பெயர் வைப்பதற்குள் கை பின்வாங்கிவிடும்.

"இந்த அருவருப்பை எங்கிருந்து எடுத்தீங்க?"

"வாலண்டியர்ஸ்கிட்டதான். நிறையப் பேரைப் பதிவு பண்ணி, இருக்கிறதிலேயே சுத்தமான சிக்னலை எடுத்து வச்சிருக்கோம்" என்றார் ரகுநந்தன். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

தொப்பி வேலை செய்தது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. மாட்டிக்கொண்ட முதல் மாதத்திலேயே, கயத்தாற்றுக்குத் தெற்கே சாயங்கால வெயில் கண்ணில் அடிக்க, பெரிய லைனை இடப்பக்கம் வைத்துக்கொண்டு போனேன். குறுக்கே புதிதாக ஒரு காற்றாலைக்கு இழுத்திருந்த கம்பி வரைபடத்தில் ஏறவே இல்லை. என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று வாயெல்லாம் எச்சில் ஊறி, அடிவயிற்றிலிருந்து ஏதோ புரண்டு வந்தது. தொடக் கூடாத ஒன்றைத் தொடப் போகிறோம் என்று தோல் முழுவதும் கூசியது. கை தானாக இழுத்தது. ஹெலிகாப்டர் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. தாவூதின் ஃபிளாஸ்க் பின்னால் பறந்து போய் விழுந்தது. நிதானித்துப் பார்த்தால், கம்பி எங்கள் காலுக்குக் கீழே வெயிலில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"யா அல்லாஹ்" என்றார் தாவூது. பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, "கேப்டன், அந்தத் தொப்பிய மட்டும் ஒருநாளும் மறந்துறாதீய" என்றார். அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள்.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா பெயர் சீனியம்மாள். கோவில்பட்டி பக்கத்து ஊர்தான் எங்களுக்கு. ஊர் என்றால் ஊருக்கு வெளியே, காலனியில். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியும் மருந்து முக்கியும்தான் என்னைப் படிக்க வைத்தாள். இப்போது வேலைக்குப் போக வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். நான் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றால் கருவாட்டுக் குழம்பு வைத்து, சட்டியில் மிஞ்சிய குழம்போடு சோற்றைப் பிசைந்து, உருண்டை பிடித்து என் கையில் வைப்பாள். பைலட் ஆனாலும் அது மாறவில்லை. எனக்கும் அது இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஆகாது.

அந்த ஞாயிறு அம்மா உருண்டையை நீட்டினாள். மருந்துக் கறை ஏறிய விரல்கள், கண்ணாடி வளையல், முழங்கை வரை ஓடிய குழம்பு. என் கை முன்னால் போய்விட்டுச் சட்டென்று பின்னால் வந்தது. உருண்டை தரையில் விழுந்து உடைந்தது.

"என்னட்டி, சுடுதா?"

"இல்லம்மா. வழுக்கிருச்சு."

இன்னொரு உருண்டை பிடித்தாள். அதைக் கையில் வாங்க என்னால் முடியவில்லை. தட்டில் வைக்கச் சொன்னேன். வாயில் போட்டதும் வயிறு புரண்டது. வெளியே ஓடினேன்.

மயக்கமாக இருக்கும், வெயிலாக இருக்கும் என்று அம்மாவே காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அடுத்த ஞாயிறும் அதே கதை. அதற்கடுத்த ஞாயிறு அவள் கருவாடு வைக்கவில்லை, சாம்பார் வைத்திருந்தாள். அதுவும் இறங்கவில்லை. குழம்பில் கோளாறு இல்லை என்று அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா பக்கத்தில் வந்தால் நான் தள்ளி உட்கார்ந்தேன். அவள் தலையைத் தடவ வந்தால் கழுத்து தானாகச் சாய்ந்து விலகியது. அம்மாவுக்குக் கண் இருக்கிறது.

"பரவாயில்லத்தா" என்றாள், பாத்திரத்தை எடுத்துக்கொண்டே. "ஏசி ஓட்டல்ல சாப்பிட்டுப் பழகிட்ட. இனி நம்ம கைச்சோறு எறங்காது. அடுத்த வாரம் வரும்போது ஓட்டல்லயே பார்சல் வாங்கிட்டு வந்துரு."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் அதை எனக்காக யோசித்துச் சொன்னாள். மறுநாள் டாக்டரிடம் போனேன். எல்லாம் சரியாக இருக்கிறது, வேலைக் களைப்பு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

என்ன நடக்கிறது என்று எனக்குக் காட்டியவர் தாவூதுதான். தளத்தில் எங்களுக்கு டீ கொண்டுவருவது கூட்டிப் பெருக்குகிற பேச்சித்தாய். பறந்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தோம். அவள் டம்ளரை நீட்டினாள், நான் வாங்கிக் குடித்தேன். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் போனதும் தாவூது கேமராவைத் துடைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கேப்டன், ஒண்ணு கேட்டா தப்பா எடுக்க மாட்டியள்ல?"

"கேளுங்க பாய்."

"முன்னெல்லாம் அந்தப் பிள்ள கையில இருந்து நீங்கதான் எழுந்திரிச்சு வாங்குவிய. இப்பம் கொஞ்ச நாளா அங்கன வச்சிட்டுப் போன்னு கண்ணக் காட்டுதிய. அது போனப் பெறவுதான் எடுக்கிய. பேப்பர வச்சுத் தொடச்சிட்டு."

நான் மேசையைப் பார்த்தேன். டம்ளர் இருந்தது. பக்கத்தில் நான் துடைத்துப் போட்ட காகிதமும் இருந்தது.

அங்கே வைத்துவிட்டுப் போ என்கிற அந்தக் கண் அசைவு எனக்குத் தெரியும். எதிர்ப்பக்கத்திலிருந்து தெரியும். பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு நான் தண்ணீர் கொண்டுபோனபோது, கடையில் காசை நீட்டியபோது, அம்மாவோடு மேலத்தெருவுக்குப் போனபோது எல்லாம் பார்த்தது. அதை இப்போது நான் செய்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். கையுறையைக் கழற்றி என் கையைப் பார்த்தேன். அம்மாவின் கைதான் அது. அதே நிறம், அதே கட்டை விரல். பார்க்கப் பார்க்க வாயில் எச்சில் ஊறியது. எழுந்துபோய்க் கையைக் கழுவினேன். மறுபடி கழுவினேன். பேச்சித்தாய் வந்து, "என்னக்கா, எண்ணெய் பட்டிருச்சா?" என்று சோப்பை எடுத்துக் கொடுத்தாள். அதையும் கீழே வைக்கத்தான் கண்ணைக் காட்டினேன்.

மறுநாளே சென்னைக்குப் போனேன். அந்த அருவருப்பு யாருடையது என்று காட்டாவிட்டால் தொப்பியோடு பத்திரிகை ஆபீஸுக்குப் போவேன் என்று ரகுநந்தனிடம் சொன்னேன். மனிதர் பதறவில்லை. ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை என்கிற மாதிரி திரையை என் பக்கம் திருப்பினார்.

பதிவு அறை தெரிந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர். தலையில் ஒயர்கள். பக்கத்தில் ஒரு வரைகோடு ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். அழுகிய முட்டை, சாக்கடைப் புழு, தயிர்சாதத்தில் ஊரும் கரப்பான். கோடு கொஞ்சம் எழுந்து படுத்தது. இடைவேளை விட்டார்கள். அறையைச் சுத்தம் செய்கிற அம்மா வந்து காலி டம்ளரை எடுத்தாள். அவள் விரல் பெரியவரின் மணிக்கட்டில் லேசாகப் பட்டது. கோடு திரையின் உச்சிக்குப் போய் முட்டியது.

பெரியவர் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. அந்த அம்மாவைப் பார்த்து நல்லபடியாகச் சிரித்தார். தேங்க்ஸ் என்றுகூடச் சொன்னார். கை மட்டும் பின்னால் வந்திருந்தது. மேசைக்கு அடியில் அதை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"தற்செயலாக் கிடைச்சது" என்றார் ரகுநந்தன். "நாங்க தேடினதே இதைத்தான் கேப்டன். புழுவைப் பார்த்தா மனுஷன் முதல்ல புழுன்னு புரிஞ்சுக்கணும். இதுல அதுகூட இல்ல. சின்ன வயசுலேர்ந்து உடம்புல ஊறினது. நடுவுல யோசனையே கிடையாது. தொட்டா கை வந்துடும். அதுக்கப்புறம் அந்தம்மாவைத் திரும்பத் திரும்ப வரச் சொல்லி எடுத்தோம்."

"திரும்பத் திரும்பன்னா?"

"சிக்னல் சராசரி எடுக்கணும்ல. ஒரு வாரம் வந்தாங்க."

"எதுக்கு வரச் சொல்றாங்கன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"டம்ளர் எடுக்கணும், லேசா கை படணும்னு மட்டும் சொல்லியிருந்தோம்."

"அவங்க பேரு என்ன?"

ரகுநந்தன் பக்கத்தில் இருந்த டெக்னீஷியனைப் பார்த்தார். டெக்னீஷியன் அவரைப் பார்த்தான். "ஹவுஸ்கீப்பிங்லேர்ந்து அனுப்பினாங்க" என்றான்.

எனக்கு அந்த மானிட்டரைத் தூக்கி உடைக்கத் தோன்றியது. உடைக்கவில்லை. "எங்க அம்மா கையில என்னால சோறு வாங்க முடியல சார்" என்றேன். "என் கையையே என்னால பார்க்க முடியல."

அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. "இப்படிக் கசியும்னு நாங்க எதிர்பார்க்கல. நம்புங்க, எனக்கு இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. நான் யார்கிட்டயும் என்ன ஆளுங்கன்னு கேட்டதே இல்ல. எங்களுக்குச் சிக்னல்தான் முக்கியம், அது எதனால வந்துச்சுங்கிறது முக்கியம் இல்லன்னு நினைச்சோம். உங்களுக்கு முன்னாடி இருபது பைலட்டுக்கு மேல போட்டிருக்காங்க. ஒருத்தரும் புகார் சொல்லல கேப்டன்."

"எப்படிச் சொல்லுவாங்க? அவங்க வீட்டுல என்ன மாறியிருக்கும்?"

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பைலட்டுகளிலும் சிலர் என்னைப் போலவே தவித்து, வெளியே சொல்லக் கூசி அடக்கிக்கொண்டும் இருக்கலாம். அவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் முடியாது.

"இதை எடுத்துடுங்க" என்றேன்.

"அழிக்க முடியாது. தொப்பியைக் கழட்டினாலும் பழகின இடத்துல அது இருக்கும். மேல எழுதலாம். அதைவிடப் பலமான அருவருப்பு ஒண்ணை அதே இடத்துல வைக்கணும். அப்போ பழையது அமுங்கிடும்."

"யாரோடது?"

"உங்களோடதே இருந்தா நல்லாப் பொருந்தும்."

வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். பத்திரிகைக்குப் போயிருக்கலாம். போனால் தொப்பியைத் தடை செய்வார்கள், அடுத்த மாதம் இன்னொரு பைலட்டைச் சாக்கில் அள்ளுவார்கள். பக்கத்து இருக்கையில் இருக்கிறவரையும் சேர்த்து அள்ளுவார்கள். அந்தக் கிழவரின் அருவருப்புதான் என் உயிரையும் தாவூதின் உயிரையும் காப்பாற்றியது. இதைச் சொல்லவே எனக்கு அசிங்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். இதெல்லாம் அப்புறம் உட்கார்ந்து யோசித்த நியாயங்கள். அந்த நேரத்தில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை அம்மா கையிலிருந்து ஒரு உருண்டை வாங்க வேண்டும்.

பெரியவர் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒயர்களை ஒட்டினார்கள். டெக்னீஷியன் புழுப் படத்தை எடுத்தான்.

"அது வேண்டாம். அந்த வீடியோவையே போடுங்க."

போட்டான். அந்த அம்மா குனிந்து டம்ளரை எடுத்தாள். பெரியவர் சிரித்தார். கை பின்னால் வந்தது. மேசைக்கு அடியில் துடைத்தது. மறுபடி போடச் சொன்னேன். இந்தத் தடவை அவருடைய கையைப் பார்க்கவில்லை, சிரிப்பை மட்டும் பார்த்தேன். எங்கள் வாத்தியாருக்கும் அந்தச் சிரிப்பு இருந்தது. கடைக்காரருக்கும் இருந்தது. ஒருவரும் எங்களை ஒரு வார்த்தை திட்டியதில்லை. அந்த அம்மாவும் பதிலுக்குச் சிரித்தாள், கை பட்டுவிட்டதே என்று தன் கையை அவளும் இழுத்துக்கொண்டு, இன்னும் குனிந்து.

"கேப்டன்" என்று ரகுநந்தன் குரல் கேட்டது. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அப்போதுதான். "அருமையா வருது. அவரோடதைவிட மேல போகுது. இவ்ளோ சுத்தமான சிக்னலை நான் பார்த்ததே இல்ல."

அவருடைய கம்பளத்தின்மேல் வாந்தி எடுத்தேன். நான் குனிந்திருக்கும்போது அவர் டெக்னீஷியனிடம், "பதிவை நிறுத்தாதே" என்று மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. சுத்தம் செய்ய ஹவுஸ்கீப்பிங்கைக் கூப்பிட்டார்கள். கூப்பிட வேண்டாம் என்று நானே துணி வாங்கித் துடைத்தேன்.

புதிய தொப்பி பழையதைவிட நன்றாக வேலை செய்தது. எர்த் கம்பிக்கு இன்னும் தூரத்திலேயே வயிறு சொல்லிவிடும். தாவூது ஃபிளாஸ்க்கை இரண்டு காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார். பேச்சித்தாய் கையிலிருந்து டீயை வாங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. மற்ற பைலட்டுகளிடமும் புதிய பதிவை மாட்டிக்கொள்கிறீர்களா என்று கம்பெனி கேட்டதாம். பழையதே பழகிவிட்டது, அதுவே போதும் என்று சொல்லிவிட்டார்கள். ரகுநந்தன் இதை எனக்குப் போனில் சொன்னார். நான் போனை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். பார்சல் ஏதாவது கொண்டுவந்திருக்கிறேனா என்று அம்மா பையைப் பார்த்தாள்.

"கருவாட்டுக் குழம்பு வைம்மா" என்றேன்.

அவள் நம்பாமல்தான் வைத்தாள். நம்பாமல்தான் உருண்டையும் பிடித்தாள். முதல் உருண்டையை என் கையில் வைக்கும்போது அவள் என் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள். வாங்கிச் சாப்பிட்டேன். இன்னொன்று வாங்கினேன். வயிறு கல் மாதிரி அமைதியாக இருந்தது. அம்மா சட்டியை வழித்து வழித்துக் கொடுத்தாள். எனக்கு அழுகை வந்தது, காரம் என்று சொல்லிக்கொண்டேன். அவளும் காரம்தான் என்று ஒத்துக்கொண்டாள். சாப்பிட்டு முடித்து, முற்றத்தில் நான் வாங்கிப் போட்டிருந்த நாற்காலிகளில் ஆளுக்கொன்றில் உட்கார்ந்திருந்தோம்.

அப்போது மேலத்தெரு ராமசுப்பு மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். வண்டியை விட்டு இறங்காமலே, "சீனி, மவ வந்திருக்காளாமே" என்றார்.

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள். எழுந்தாள் என்று சொல்வது போதாது. யாரோ பின்னாலிருந்து தூக்கிவிட்ட மாதிரி எழுந்து, முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்தி, முதுகை வளைத்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அதே முந்தானையால் துடைத்து, "வாங்கய்யா, உக்காருங்கய்யா" என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

என் வாயில் எச்சில் ஊறியது. அடிவயிறு புரண்டது. அவரைப் பார்த்தா, அம்மாவைப் பார்த்தா என்று பிரித்துப் பார்க்க எனக்கு நேரம் இல்லை. கை தானாகப் பின்னால் வந்தது. வீட்டுக்குப் பின்னால் ஓடினேன். சாப்பிட்ட எல்லாம் வெளியே வந்தது.

அம்மா சொம்பில் தண்ணீரோடு பின்னாலேயே ஓடிவந்தாள். நெற்றியைப் பிடிக்க வந்தவள், பிடிக்கலாமா என்று கையை நடுவழியில் நிறுத்தினாள். நானே அந்தக் கையை எடுத்து என் நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

"இன்னும் போகலையாட்டி?" என்றாள். "என் கைச்சோறு இன்னும் ஆக மாட்டேங்குதா?"

"சோறு இல்லம்மா."

"பெறவு என்ன?"

சொல்லாமல் விட்டால் அவள் சாகும்வரை சோற்றைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாள். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னேன். "நீ எழுந்திரிச்சம்மா. அவரைப் பார்த்து நீ எழுந்திரிச்சு நாற்காலியைத் துடைச்ச. அதுதான்."

அம்மாவுக்குப் புரிந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. சொம்பை என் கையில் கொடுத்தாள். எத்தனையோ வருடத்துப் பழக்கத்தை நான் ஒரு வியாதி மாதிரி அவளிடம் சொல்லியிருந்தேன். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

ராமசுப்பு வண்டியை விட்டு இறங்கியிருந்தார். துடைத்த நாற்காலியில் உட்காரவில்லை. என்னைப் பார்த்ததும், "கேப்டன் மேடம், நம்ம பையன் டிப்ளமா முடிச்சிருக்கான், உங்க கம்பெனியில ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா" என்று ஆரம்பித்தார்.

அம்மா அவரைத் தாண்டிப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ராமசுப்பு பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தன் மடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கோவிச்சுக்கிடாதீங்கய்யா. நான் எந்திரிச்சா எம்புள்ளைக்கு வயித்துக்கு ஆக மாட்டேங்கு. டாக்டரு சொல்லியிருக்காரு. நீங்க சொல்ல வந்ததச் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். காலியாகக் கிடந்த இன்னொரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே மகனுடைய படிப்பைப் பற்றி ஏதேதோ சொன்னார். அம்மா நாற்காலியின் நுனியில், இரண்டு கையாலும் அதன் விளிம்பைப் பற்றிக்கொண்டு இருந்தாள். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.